குழந்தையும் விடுதியும்



விடுமுறையில் ஒரு பெருநகரத்துக்குப் போவதென்று முடிவு செய்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? எதையெல்லாம் பார்ப்பது என்று பட்டியல் போடுகிறோம். கடற்கரை, அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. எங்கே தங்குவது என்பதைக் கடைசியில் எண்ணுகிறோம். பெரியவர்கள் மட்டும் செல்லும் பயணத்தில் இதனால் பெருந்தீங்கு இல்லை. படுக்க ஓர் இடம், குளிக்கத் தண்ணீர், பூட்ட ஒரு கதவு ஆகியவை இருந்தால் போதும். ஆனால், நடக்கத் தொடங்கிய குழந்தை ஒன்று உடன் வருமானால் இந்த வரிசை மாற வேண்டும். முதலில் தங்குமிடம், பிறகே காட்சிகள். ஏன் அப்படி என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

‘நாங்கள் படிக்கிற பிள்ளைகள், குழந்தையோடு பயணம் செய்வது பற்றி எங்களுக்கு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. முற்காலத்தில் குடும்பத்துக்குத் தங்குமிடம் பார்ப்பது வீட்டுப் பெரியவரின் வேலை. அவர் நகரத்திலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுதுவார், தெரிந்தவரிடம் விசாரிப்பார். இன்று பல வீடுகளில் அந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிட்டது. கைப்பேசியில் விடுதிகளைத் தேடுபவரும், படங்களைப் பார்த்து வாடகையை ஒப்பிடுபவரும், அறையைப் பதிவு செய்து தருபவரும் பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும் பிள்ளையே. என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அந்த அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கூடங்குளம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், இராதாபுரம் வட்டத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. அணுமின் நிலையத்தால் நாடறிந்த ஊராயினும், ரயில் ஏற வேண்டுமானால் நாங்கள் வள்ளியூருக்கோ நாகர்கோவிலுக்கோ கன்னியாகுமரிக்கோதான் போக வேண்டும். 2023ஆம் ஆண்டு மே மாதம், நானும் என் மனைவியும் மகளும், அவளுடைய ஒன்றே கால் வயதுப் பெண் குழந்தையும், கல்லூரியில் படிக்கும் என் இளைய மகனும் சென்னைக்குப் புறப்பட்டோம். விடுதியைத் தேர்ந்தவன் மகன். “ஏசி வேணுமாப்பா? டிவி வேணுமா?” என்று அவன் கேட்டான். “வாடகை எவ்வளவு டே?” என்று நான் கேட்டேன். படங்களில் தரை கண்ணாடிபோலப் பளபளத்தது. உயர்ந்த மாடியிலிருந்து நகரம் முழுவதும் தெரிந்தது. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எங்களுள் ஒருவரும் குழந்தைக்காக ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வள்ளியூரில் மாலையில் ஏறிய நாங்கள் மறுநாள் விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினோம். விடுதிக்குப் போனால், அறை நண்பகல் 12 மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். ரயிலில் சரியாக உறங்காத குழந்தையோடு முன்கூடத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். படத்தில் நாங்கள் வியந்த அந்தப் பளபளப்பான தரையில் குழந்தை இருமுறை வழுக்கி விழுந்தது. இரவில் சாலையின் இரைச்சல். வீட்டில் ஆச்சியின் நூல்சேலையில் கட்டிய தொட்டிலில் உறங்கிப் பழகிய குழந்தை, உயரமான கட்டிலில் கண்மூட மறுத்து அழுதது. இரவு பத்து மணிக்குமேல் பால் காய்ச்சித் தரச் சமையற்கூடத்தில் ஆள் இல்லை.

இவை தொல்லைகள், பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில் நேர்ந்தது தொல்லையன்று. அந்த விடுதியில் தண்ணீர் சில மணி நேரமே வரும். ஆகவே, பணியாளர் ஒருவர் நல்லெண்ணத்தோடு குளியலறையில் பெரிய வாளி ஒன்றை நிறைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நாங்கள் வெளியே செல்லும் பரபரப்பில் இருந்தோம். குழந்தை தாயிடம் இருப்பதாக நான் நினைத்தேன். என்னிடம் இருப்பதாகத் தாய் நினைத்தாள். என் மனைவி மட்டும், “பிள்ளை சத்தத்தையே காணோமே!” என்று சொல்லிக்கொண்டு குளியலறைக்குள் ஓடினாள். குழந்தை வாளியின் விளிம்பில் வயிறு படியத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் தண்ணீருக்குள் இருந்தது. தூக்கியபின் இருமி, வாந்தி எடுத்து, பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் எங்களுக்கு உயிர் வந்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நுரையீரலுக்குத் தண்ணீர் போயிருந்தால் பின்னால் தெரியவரும் என்று மருத்துவர் சொல்லி, மாலைவரை குழந்தையை அங்கேயே வைத்துப் பார்த்து அனுப்பினார். மகன் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. “நான்தானேப்பா ரூம் போட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். “நீ ரூம் போட்டாய், கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை” என்று அவனுக்குச் சொன்னேன். உண்மையும் அதுதான்.

நேயர்களே, அன்றிலிருந்து இந்தப் பொருளைப் பற்றி நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இனி முறையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒன்று முதல் இரண்டு வயதுவரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு, பகலுறக்கத்தையும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அதாவது, ஒரு நாளில் ஏறத்தாழப் பாதி. எஞ்சிய நேரத்தில் உண்பதும் குளிப்பதும் உடைமாற்றுவதும் போக, ஊர் பார்க்க அதற்குக் கிடைப்பது சில மணி நேரமே. பெரியவர்களுக்கு விடுதி என்பது இரவில் வந்து படுக்கும் இடம். குழந்தைக்கோ அந்த அறைதான் நகரம். இதை உணர்ந்துவிட்டால், எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். காலம், இடம், அறை, உணவு என நான்கைப் பற்றிக் கேட்க வேண்டும்.

முதலாவது, காலம். நம் தென்மாவட்டங்களிலிருந்து இரவில் புறப்படும் ரயில்கள் பல காலையில் சென்னையை அடைகின்றன. ஆனால், பல பெரிய விடுதிகள் நண்பகலில்தான் அறை தருகின்றன. இந்த இடைவெளி குழந்தைக்கு மிகவும் கொடியது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. சில விடுதிகளில் 24 மணி நேரக் கணக்கு இருக்கிறது. நீங்கள் எந்த நேரத்தில் நுழைந்தாலும் அந்த நேரத்திலிருந்து ஒரு நாள் கணக்கிடுவார்கள். அத்தகைய விடுதியைத் தேடுவது முதல் வழி. கூடுதல் தொகை பெற்றுக்கொண்டு காலையிலேயே அறை தருவார்களா என்று முன்கூட்டிக் கேட்டு உறுதி செய்துகொள்வது இரண்டாம் வழி. பெரிய ரயில் நிலையங்களில் பயணிகள் ஓய்வறைகள் உண்டு. உறுதியான பயணச்சீட்டு உள்ளவர்கள் முன்பதிவு செய்யலாம். அதைப் பயன்படுத்துவது மூன்றாம் வழி.

இரண்டாவது, இடம். ‘நகரத்தின் மையம்’ என்று விளம்பரத்தில் இருந்தால் நாம் மகிழ்கிறோம். யாருடைய மையம் என்று கேட்க வேண்டும். குழந்தைக்காக வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போவதுதான் பயணத்தின் முக்கிய நோக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தெற்கிலிருந்து ரயிலில் வருபவர் தாம்பரத்திலேயே இறங்கி அங்கே தங்கினால் பூங்கா பக்கத்தில் இருக்கும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதுவும் வண்டலூரை அடுத்தே இருக்கிறது. எழும்பூரில் அறை எடுத்துக்கொண்டு, வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டலூருக்குப் போய்த் திரும்புவது, வந்த வழியே ஒருமுறை திரும்பிப் போவதற்கு ஒப்பாகும். செவ்வாய்க்கிழமை அந்தப் பூங்காவுக்கு விடுமுறை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மாறாக, அருங்காட்சியகமும் மெரினாவும் நோக்கமானால் எழும்பூர் ஏற்றது. அங்கே அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் இருக்கிறது. எந்த நகரமாயினும், தங்கும் இடத்துக்கு அருகில் குழந்தை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைப் போகுமுன்பே அறிந்துகொள்வது நன்று.

மூன்றாவது, அறை. இதைச் சோதிப்பதற்கு ஓர் எளிய முறை உண்டு. நடக்கத் தொடங்கிய குழந்தையின் உயரம் ஏறத்தாழ இரண்டரை அடி. அறைக்குள் போனவுடன் பெட்டியை வைத்துவிட்டு, ஒருவர் குழந்தையைக் கையில் வைத்துக்கொள்ள, மற்றொருவர் தரையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்க்க வேண்டும். நின்றபோது தெரியாத பலவும் அப்போது தெரியும். மின்பலகையின் துளைகள் கைக்கு எட்டும். மேசைமேல் உள்ள மின்கெண்டியின் கம்பி இழுக்கும் தூரத்தில் தொங்கும். கட்டில் சன்னலை ஒட்டிக் கிடக்கும்.

மேல்மாடத்து அழிகளின் இடைவெளியைப் பாருங்கள். அது 10 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் கட்டட விதி. அதைவிட அகன்றால் சிறு குழந்தையின் உடல் நுழைந்துவிடும். கட்டைவிரலையும் சேர்த்தால் ஒரு பெரியவரின் உள்ளங்கை ஏறத்தாழ அந்த அகலம் இருக்கும். கையை நீட்டிப் பார்த்தாலே போதும். ஐயம் தோன்றினால் மேல்மாடம் இல்லாத அறையைக் கேளுங்கள். நகரக் காட்சியைக் குழந்தை கேட்கவில்லை.

குளியலறையில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று வெந்நீர். 60 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் தோலில் பட்டால் சில நொடிகளிலேயே ஆழமான புண் உண்டாகும். குழந்தையின் தோலோ மிக மெல்லியது. ஆகவே, வாளியில் முதலில் தண்ணீரைப் பிடித்துப் பின்பு வெந்நீரைக் கலக்க வேண்டும். மற்றொன்று, நான் கண்ட ஆபத்து. குழந்தையின் உடலில் தலையே கனமானது. வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது அந்தக் கனம் அதை முன்னே இழுத்துவிடும். கைகளை ஊன்றி மீண்டு எழும் வலிமை அதற்கு இல்லை. வாய் தண்ணீருக்குள் இருப்பதால் கத்தவும் முடியாது. சில அங்குலத் தண்ணீரே போதும். எனவே, வாளி எப்போதும் கவிழ்ந்தே இருக்க வேண்டும். குளியலறைக் கதவு எப்போதும் வெளியே தாழிட்டிருக்க வேண்டும். “குழந்தை இப்போது என்னிடம் இருக்கிறது” என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் கேட்டுக்கொள்வதும் ஒரு பாதுகாப்பே. பலர் இருக்கும் வீட்டில்தான் குழந்தை எவரிடமும் இல்லாமற் போகிறது.

உறக்கத்துக்குச் சாலையை நோக்கிய அறையைவிடப் பின்புற அறை நல்லது. மின்னாக்கிப் பொறி எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கேளுங்கள். மெத்தையைத் தரையில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். தொட்டில் பழகிய குழந்தையானால் மடக்கிக் கொண்டுசெல்லும் இரும்புத் தாங்கிகள் கிடைக்கின்றன. மின்விசிறிக் கொக்கியில் மட்டும் ஒருபோதும் தொட்டில் கட்டாதீர்கள்.

நான்காவது, உணவு. வேளைக்கு இட்லியும் குழைந்த சோறும் கிடைக்குமா, இரவில் பால் காய்ச்சித் தருவார்களா, கொதித்து ஆறிய குடிநீர் உண்டா என்று கேளுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சில கையில் இருக்கட்டும். அவை கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு சமதேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அளவு மிக முக்கியம். உப்பு கூடினால் தீங்கு. குழந்தை துவண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இவ்வளவும் கேட்டால் விடுதிக்காரர் நம்மை வேடிக்கையாகப் பார்க்கமாட்டாரா என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் நாட்டுப் பழைய வழக்கத்தை எண்ணிப் பார்த்தால் அந்தக் கூச்சம் நீங்கிவிடும். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், இராமேசுவரம் செல்லும் யாத்திரிகருக்காக நடந்துவந்த சத்திரங்களைப் பற்றி 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அவற்றில் நடக்கும் அறங்களை எல்லாம் அதில் விரித்துரைத்தார். வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் உண்டா என்று அழைப்பார்கள். நோயாளிக்கு மருந்து உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. சத்திரத்திலேயே பிள்ளை பெற்ற பெண் மூன்று மாதம்வரை அங்கேயே தங்கலாம். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அந்த மன்னர் காலத்தது.

பின்னர் 1867ஆம் ஆண்டில் இந்தியாவுக்கென ஒரு சத்திரச் சட்டம் இயற்றப்பட்டது. அறைகளும் கிணறுகளும் தூய்மையாக இருக்க வேண்டும், காவலாள் வேண்டும், கட்டணப் பட்டியலை எல்லாரும் பார்க்குமாறு வைக்க வேண்டும் என்று அது பணித்தது. நல்ல விதிகளே. ஆயினும், குழந்தையின் பாலைப் பற்றி அது பேசவில்லை. தூய்மையையும் காவலையும் சட்டத்தால் பெறலாம். பரிவைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஒரு தங்குமிடத்தின் தரத்தை அது தன் மிகச் சிறிய விருந்தாளியை எப்படிப் பேணுகிறது என்பதைக்கொண்டு அளப்பதே நம் முன்னோர் வழி.

அந்த ஆண்டே செப்டம்பர் மாதக் காலாண்டு விடுமுறையில் நாங்கள் மறுபடியும் சென்னைக்குப் போனோம். முதலில் என் மகள் மறுத்தாள். பிறகு, “தம்பி விசாரிச்சுச் சொல்லட்டும்” என்றாள். இம்முறை மகன் படங்களைப் பார்த்ததோடு நிற்கவில்லை. ஒரு தாளில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, விடுதிகளுக்குத் தொலைபேசியில் பேசினான். இரண்டு இடங்களில் பொறுமையின்றிப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு அதுவே விடையாயிற்று. மூன்றாவதாகப் பேசியவர் எழும்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த சிறிய விடுதியின் மேலாளர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பி, அப்பா அம்மாவக் கூட்டிட்டு வாங்க. ராத்திரி எத்தன மணிக்குக் கேட்டாலும் பால் காய்ச்சித் தர்றோம். வாளியக் கவுத்தே வைக்கச் சொல்றேன்” என்றார். அவர் எங்களிடம் ஏன் என்று கேட்கவில்லை.

அங்கே பளபளப்பான தரை இல்லை; நகரக் காட்சி இல்லை. முதல் மாடியில், பின்புறம் நோக்கிய ஓர் அறை. சன்னலில் இரும்புக் கம்பிகள் நெருக்கமாக இருந்தன. காலை ஆறரைக்கே அறை கிடைத்தது. குழந்தை குளித்து, பால் குடித்து, தரையில் விரித்த மெத்தையில் பத்து மணிவரை உறங்கிற்று. நாளொன்றுக்கு ஓர் இடத்துக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டோம். கடற்கரைக்கு ஒரு மாலை. வண்டலூருக்கு ஒரு காலை. சென்ற முறை பார்க்க எண்ணியவற்றில் பாதிகூடப் பார்க்கவில்லை. ஆயினும், மூன்று நாளும் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. ஆகவே நாங்களும் சிரித்தோம். ஊருக்குத் திரும்பியபின், “மெட்ராஸ்ல என்னட்டி பாத்த?” என்று அண்டை வீட்டு ஆச்சி கேட்டதற்கு, கடலையும் சொல்லவில்லை, புலியையும் சொல்லவில்லை. அறைச் சன்னலில் வந்து உட்கார்ந்த புறாவைத்தான் கையை அசைத்துக் காட்டிற்று.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அக்காள் குழந்தையோ அண்ணன் குழந்தையோ இருக்கலாம். நாளை ஒரு பயணத்துக்கு அறை தேடும் வேலை உங்களிடம் வரும். வாடகையைப் பாருங்கள், படங்களையும் பாருங்கள். பிறகு, ஒரு தாளை எடுத்து, பேசத் தெரியாத அந்தக் குழந்தை கேட்க வேண்டிய கேள்விகளை அதன் சார்பில் எழுதிக்கொண்டு தொலைபேசியில் கேளுங்கள். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்திய ஒரு குடும்பம் எதை இழக்க இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.